மான் வருவது யார் கையில்? வில்வித்தை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லித்தரும் என்னைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லா கிராஸ் நகரில் குடியிருந்த காலத்தில் வில்லோடு மான் வேட்டைக்கும் போயிருக்கிறேன் என்று அதில் ஒரு வரி. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை மானும் வில்லும்தான் அதிகம்.

என் மருமகன் மிச்சிகனில் வேலை பார்க்கிறார். போன நவம்பரில் முதல்முறையாக நண்பரோடு வில் வேட்டைக்குப் போனவர், அன்றைக்கே பெரிய கொம்புள்ள ஆண்மானை வீழ்த்திவிட்டார். கூட்டிப்போன நண்பர் பல வருடமாகப் போகிறவராம். அவருக்கு அந்தப் பருவம் முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. இது அதிர்ஷ்டம்தானே? மாப்பிள்ளையோ திறமை என்கிறார்.
ஒரு வாசகர், பண்ருட்டி

ஐயா, மான் வந்தது அதிர்ஷ்டம். ஆனால் அந்த அதிர்ஷ்டத்தில் பெரும்பங்கு நண்பர் தேடி வைத்தது.

முதலில் நவம்பரைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே இருப்பது வெண்வால் மான். வயது முதிர்ந்த ஆண்மான் வருடத்தில் பெரும்பாலான நாள் இருட்டில்தான் நடமாடும். பகலில் புதருக்குள் படுத்துவிடும். வடக்கு மாநிலங்களில் நவம்பர் முதல் பாதியில் பெண்மான்கள் இணைசேரும் பருவத்துக்கு வரும். அப்போது ஆண்மான் தன் வழக்கமான இடத்தை விட்டு மைல் கணக்கில் அலையும், பட்டப்பகலிலும் ஓடும். அந்தக் காட்டுக்காரர் அதுவரை கண்ணால் பார்த்தே இராத மான்கூட அன்றைக்கு வந்து நிற்கலாம். எந்த நாள், எந்த மணி என்று யாராலும் சொல்ல முடியாது. இது சுத்தமான அதிர்ஷ்டம்.

ஆனால் அது வந்து நின்ற இடத்தில் மாப்பிள்ளையின் பரண் இருந்ததே, அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? ஓக் மரத்துக் கொட்டைகள் எங்கே கொட்டிக் கிடக்கின்றன, ஆண்மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரிந்த மரங்கள் எந்த வரிசையில் போகின்றன, இரண்டு தோப்புக்கு நடுவே மான் கடக்கும் குறுகலான வழி எது என்று செப்டம்பரிலிருந்தே நடந்து பார்த்தவர் அந்த நண்பராகத்தான் இருப்பார். நல்ல மரத்தைப் புதியவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் வேறு மரத்தில் ஏறியிருப்பார். அங்கே நல்ல வேட்டைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று. மானின் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா. மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சட்டைப்பையில் எப்போதும் மில்க்வீட் செடியின் காய் ஒன்று இருக்கும். நம் எருக்கஞ்செடியின் உறவுக்காரச் செடி அது. காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு. பரணில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு பஞ்சை எடுத்து விரலிலிருந்து விடுவார். விட்டதும் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது முதல் வேலை. அவர் அதோடு விடமாட்டார். பஞ்சு கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்ப்பார். பத்து மீட்டர் நேராகப் போகும், ஓடைச் சரிவுக்கு மேலே போனதும் கீழே இறங்கும், அப்புறம் சுழன்று நாங்கள் எதிர்பார்க்கிற மான் தடத்துக்கே திரும்பி வரும். அப்படி வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிடுவார். அன்றைக்கு அந்த மரம் கிடையாது. மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், காலையில் வெயில் ஏறியதும் மேலே ஏறும். ஒரே மரம் காலையில் சரியாக இருந்து மாலையில் கெட்டுப்போகும்.

நம் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் நின்று பார்த்தால் இது உங்களுக்கே விளங்கும். வலை நிறைவதும் நிறையாததும் கடல் கொடுப்பது. ஆனால் வீசுவது கொண்டல் காற்றா கச்சான் காற்றா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்காமல் படகைத் தள்ளுகிற ஆள் அங்கே ஒருவர்கூட இல்லை. அப்படிப் பார்த்துப் போகிறவருக்கும் சில நாள் வெறும் வலைதான்.

சரி, மாப்பிள்ளையின் பங்கு என்ன? அதைத் தெரிந்துகொள்ள மூன்று கேள்வி கேளுங்கள். மான் எவ்வளவு தூரத்தில் நின்றது? எந்தப் பக்கம் திரும்பி நின்றது? அம்பு விட்டபிறகு எவ்வளவு நேரம் பரணிலேயே இருந்தீர்கள்? "இருபது மீட்டருக்குள், பக்கவாட்டில் நின்றது, அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்" என்று பதில் வந்தால் உங்கள் மாப்பிள்ளை தன் பங்கைச் சரியாகச் செய்திருக்கிறார், தாராளமாகப் பெருமைப்படலாம். நாணை எப்போது இழுத்தார் என்றும் கேளுங்கள். மானுக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 300 டிகிரி தெரியும். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைகிற அந்த ஒரு கணத்தில்தான் கையை அசைக்கலாம். நெஞ்சு படபடக்கிற நேரத்தில் அதற்காகக் காத்திருப்பதை முதல்நாளே செய்தார் என்றால் அது லேசான காரியம் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம், மகளிடம் சொல்லிவையுங்கள். பரணில் ஏறுவதிலிருந்து தரையில் இறங்கும்வரை உடம்பு முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்பு வார் கட்டாமல் இருக்கவே கூடாது. அந்த வேட்டையில் ஆட்களுக்கு ஏற்படும் விபத்துகளில் பரணிலிருந்து விழுவது மிக அதிகம். மிச்சிகன் உட்படப் பல மாநில மான்களில் மூளையை அரிக்கும் நோய் ஒன்று பரவியிருக்கிறது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியான செய்தி இல்லை என்றாலும், நோய் இருக்கும் பகுதி மான் என்றால் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வந்தபிறகு கறியைச் சமைப்பதுதான் நல்லது.

சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லில் 50 மீட்டரில் எனக்குப் பெரும்பாலும் நடுவட்டத்துப் பத்துதான் விழுகிறது. என்னைப் போன்றவன் அங்கே போனால் 40 மீட்டரில் நிற்கும் மானை எளிதாக அடித்துவிடலாம் இல்லையா? அதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?
கல்லூரி மாணவர், புதுச்சேரி

தம்பி, 50 மீட்டரில் பத்து என்றால் 8 சென்டிமீட்டர் வட்டம். நல்ல கை உனக்கு. ஆனால் நீ அடிக்கிற தாள், நாண் அதிரும் சத்தத்தைக் கேட்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து அம்பு விநாடிக்குச் சுமார் 90 மீட்டர் போகும். ஒலி 340 மீட்டர் போகும். மான் 40 மீட்டரில் நின்றால் அம்பு போய்ச்சேர 0.44 விநாடி ஆகும், சத்தம் 0.12 விநாடியில் போய்விடும். அம்புக்கு முன்னால் மானுக்கு 0.32 விநாடி கிடைக்கிறது. அது திடுக்கிட 0.1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் 0.22 விநாடி மிச்சம். திடுக்கிட்ட மான் உடனே ஓடாது. பாய்வதற்காக நான்கு காலையும் மடக்கித் தாழும். அந்த நேரத்தில் அதன் உடம்பு கீழே விழுகிற பொருளின் வேகத்தில் இறங்குகிறது என்று கொண்டால், 0.22 விநாடியில் 24 சென்டிமீட்டர். நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம் மொத்தமே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். அதாவது, நீ துல்லியமாக விட்ட அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது படக்கூடாத இடத்தில் படும்.

இதையே 20 மீட்டரில் போடு. அம்புக்கு 0.22, சத்தத்துக்கு 0.06. திடுக்கிடும் நேரம் போக மிச்சம் 0.06 விநாடி. மான் இறங்குவது 2 சென்டிமீட்டர்கூட இல்லை.

எல்லா மானும் தாழும் என்று இல்லை. தலையைக் குனிந்து நிம்மதியாகக் கொட்டை தின்றுகொண்டிருக்கும் மான் அசையாமலே நிற்கலாம். காதை விறைத்துக்கொண்டு நிற்கும் மான் பெரும்பாலும் தாழும். 40 மீட்டரில் அம்பை விட்டால், எஞ்சிய நேரத்தில் அது என்ன செய்யும் என்பதை மானிடம் விட்டுவிடுகிறாய். 20 மீட்டர் வரும்வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பையே அடைத்துவிடுகிறாய். காத்திருந்து, மான் நெருங்காமலேயே போய்விட்டால் வில்லை இறக்கிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். இந்த விளையாட்டில் கைத்திறன் என்று நான் மதிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இஷி என்ற பழங்குடி மனிதரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். யாஹி என்ற தன் இனத்தில் கடைசியாக எஞ்சியவர். 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு அருகே தனியாளாக வெளியே வந்தார். 1916-இல் காசநோயில் இறந்துபோனார். நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச வருடத்தில் அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில்வித்தை கற்றார். இன்றைய அமெரிக்க வில் வேட்டை பெரும்பாலும் அந்த நட்பிலிருந்து கிளைத்தது. குறிப்பலகையில் அடிக்கும் போட்டி என்றால் இஷி அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. காட்டுக்குள் போனால் நிலைமை வேறு. வேட்டைக்கு முந்தின நாள் மீன் சாப்பிடமாட்டார், வாசனையை மான் கண்டுபிடித்துவிடும் என்பார். புகையிலை வாடையும் உடம்பில் இருக்கக்கூடாது. விடியற்காலையில் தலைமுதல் கால்வரை குளித்து, வாய் கொப்பளித்து, வெறும் வயிற்றோடு கிளம்புவார். போப் இதையெல்லாம் பார்த்து எழுதி வைத்தார். கடலூரிலும் புதுச்சேரியிலும் முந்தின நாள் மீன் வேண்டாம் என்றால் நம்மில் எத்தனை பேர் ஒப்புக்கொள்வோம், சொல்!

என் மகள் உங்களிடம்தான் பயிற்சிக்கு வருகிறாள். "ஒரு உயிரைக் கொன்ற கையால் பிள்ளை வித்தை கற்கலாமா?" என்று என் மாமியார் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?
ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி. நம் மைதானத்தில் பிள்ளைகள் காகிதத்தைத் தவிர வேறெதையும் அடிப்பதில்லை. குருவி மேல் வில்லைத் திருப்பிய பிள்ளையை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அங்கே நிலைமை என்ன என்பதையும் சொல்கிறேன். கணக்கில்லாமல் சுட்டுத் தீர்த்ததில் 1900 வாக்கில் அந்நாட்டு வெண்வால் மான்கள் ஏறக்குறைய 5 லட்சமாகக் குறைந்துபோயின. சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். இன்று சுமார் 3 கோடி. ஓநாயும் பூமா என்ற பெரிய காட்டுப்பூனையும் பெரும்பாலான இடங்களில் இல்லாமல் போனதால் மான் பெருகிப் பெருகி, இளம் மரக்கன்றுகளைத் தின்று காடே வளராமல் போகிறது. வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வண்டிகளில் மோதுகின்றன. ஆகவே பருவம், எண்ணிக்கை, உரிமம் எல்லாம் வைத்து வேட்டையை அனுமதிக்கிறார்கள். விஸ்கான்சினில் 1973-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாடம் படித்துத் தேறியிருக்க வேண்டும். மானை வீழ்த்தி எடுத்தால் மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். வில்லுக்குத் தயாரிப்பாளர் கட்டுகிற 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது.

இவ்வளவு சொன்னாலும் உயிர் உயிர்தான் என்பார் உங்கள் மாமியார். ஆமாம். அதனால்தான் வேட்டையில் நான் கற்றதிலேயே கனமான பாடம் அம்பு விட்டபிறகு இருக்கிறது. துப்பாக்கிக் குண்டு மோதிக் கொல்லும். அம்பு ரத்தப்போக்கால் கொல்லும்; அதன் முனை சவர பிளேடு கூர்மையில் இருப்பது அதற்காகத்தான். இரண்டு நுரையீரலிலும் பட்டால் மான் சில விநாடியில், நூறு மீட்டர் சுற்றுக்குள் சாய்ந்துவிடும். வயிற்றில் பட்டால் பல மணி நேரம். அப்போது பின்னாலேயே ஓடிப் போனால் அது மேலும் ஓடும், மேலும் வேதனைப்படும். காத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா காத்திருந்துவிட்டு இறங்குவார். முதலில் அம்பைத் தேடுவார். அதில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். பச்சை கலந்து வாடை அடித்தால் வயிறு. அப்படியென்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விட்டு விடிந்துதான் வருவார், அந்த இரவு அவர் சரியாகத் தூங்கமாட்டார். ரத்தத் துளி கண்ட ஒவ்வோர் இலையின் மேலும் டிஷ்யூ தாளைக் கிள்ளி வைப்பார். துளி தொலைந்துபோகும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், பழுத்த இலைகளுக்கு நடுவில் அந்த வெள்ளைத் துண்டுகள் ஒரு கோடாகத் தெரியும். மான் எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்தக் கோடு காட்டிவிடும். மண்டியிட்டு, டார்ச் அடித்து, ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் நடுவே கால்மணி நேரம்கூடத் தேடியிருக்கிறோம். மானைக் கண்டடையாமல் திரும்பக்கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி.

நான் எடுத்தது ஒரு பெண்மான். கறியை மூன்று வீட்டார் சாப்பிட்டோம். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் தூரத்தில் நிற்கும் மான்மேல் "பட்டால் படட்டும்" என்று அம்பை விடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. அவர்கள் வைத்து விளையாடுவது தங்கள் அதிர்ஷ்டத்தை இல்லை, அந்த மானின் கடைசி மணி நேரங்களை. உங்கள் மகளுக்கு நான் சொல்லித்தருவதில் இதுவும் உண்டு: உறுதி இல்லை என்றால் நாணை மெதுவாகத் திரும்ப விடு. அதைப் பிள்ளைகள் பல தடவை செய்து பழகுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக் காப்புக்காட்டு மான்கள் கோடையில் தண்ணீர் தேடி ரோட்டுக்கு வருகின்றன, வயலிலும் இறங்குகின்றன. இங்கேயும் உரிமம் வாங்கி வில்லால் வேட்டையாட வழி உண்டா?
ஒரு வாசகர், வேப்பூர்

கிடையாது. 1972-ஆம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். வில்லானாலும் கண்ணியானாலும் சிறைதான். அங்கே மூன்று கோடி மான் இருப்பதை வைத்து நம் காப்புக்காட்டை அளக்கக்கூடாது. இங்கே மிஞ்சியிருப்பது கொஞ்சம். அடிபட்ட மானையோ நாய் துரத்தும் மானையோ பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாயை விரட்டி, கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயந்த மான் பயத்திலேயே செத்துப்போகும். அதைப் பிடித்துத் தடவிக்கொடுப்பது, செல்போனில் படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். காட்டுக்குள்ளேயே தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்பக் கேட்டு ஊரார் சேர்ந்து மனு கொடுங்கள்.

வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று பள்ளியில் படித்தோம். வில் பிடிக்கிற நீங்கள் அதை நம்புகிறீர்களா?
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரம்

ஐயா, அம்பு ஒரு மானை ஊடுருவி மறுபக்கம் மண்ணில் குத்தி நிற்பதை நானே கண்டிருக்கிறேன். ஐந்து உயிர் என்பது புலவர் வன்பரணர் ஓரிக்குக் கொடுத்த பெருமை. எனக்கு அந்தப் புறநானூற்றுப் பாட்டில் பிடித்தது எண்ணிக்கை இல்லை. யானையில் தொடங்கி, புலி, மான், பன்றி என்று போய், கடைசியில் புற்றிலிருக்கும் உடும்பில் தைத்து நிற்கும் வரை புலவர் அந்த அம்பின் பின்னாலேயே போகிறார். நடுவில் கண்ணை எடுக்கவில்லை. விட்ட அம்பு எங்கே போய் நின்றது என்று தேடிப் போவதுதான் வேட்டைக்காரன் செய்யும் முதல் வேலை. வேட்டையைக் கிட்டத்தில் இருந்து பார்த்த ஒருவர்தான் இப்படிப் பாட முடியும் என்று எனக்குத் தோன்றும். இன்னொன்றும் உண்டு. அந்தப் பாட்டில், புகழ்ந்து பாடக் கேட்ட அவன் நாணினான்; தான் வேட்டையாடிய மானின் கறியைப் பாணர்களுக்குக் கொடுத்தான். அதிலிருந்தே அவன் நல்ல வில்லாளி என்று நம்புகிறேன்.

காம்பவுண்ட் வில், சக்கரம் இல்லாத ரிகர்வ் வில் இரண்டில் பத்து வயதுப் பையனுக்கு எதை வாங்குவது?
ஒரு வாசகி, விருத்தாசலம்

இரண்டுமே இப்போது வேண்டாம். பயிற்சி மையத்து வில்லில் ஆறு மாதம் பழகட்டும். அப்புறம் இழுவை குறைந்த ரிகர்வ். காம்பவுண்ட் வில்லில் சக்கரங்கள் இருப்பதால் முழுதாக இழுத்தபின் பாரம் பெரிதும் குறைந்துவிடும். தோள் வேலை கற்காமலேயே பிள்ளை அம்பு விடப் பழகிவிடும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்வதால் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். ஆசை நல்லதுதான். தோள் வளரட்டும்.

மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பியதும் என் அம்புகள் எல்லாம் குறிப்பலகையின் நடுவில் இருக்கும் மஞ்சளை விட்டு ஒரே பக்கமாக ஒதுங்குகின்றன. போட்டி அன்று காற்று இல்லாமல் இருந்தால் நம் அதிர்ஷ்டம், இருந்தால் நம் விதி, அவ்வளவுதானா அக்கா?
பள்ளி மாணவர், தேவனாம்பட்டினம்

ஒரே பக்கமாக ஒதுங்குகின்றன என்றாயே, அது நல்ல செய்தி தம்பி. நாலா பக்கமும் சிதறினால்தான் கவலை. ஒரே பக்கம் போனால் அளக்கலாம், அளந்தால் திருத்தலாம்.

குறிப்பலகை மேல் ஒரு ரிப்பன், நீ நிற்கும் கோட்டில் ஒன்று, நடுத்தூரத்தில் ஒரு குச்சியில் ஒன்று கட்டு. மூன்றும் ஒன்று சொன்னதுபோல ஆடுகிற நேரம் எது, நடுவில் உள்ளது மட்டும் வேறு பக்கம் திரும்புகிற நேரம் எது என்று அம்பு விடாமல் அரை மணி நேரம் பார். அப்புறம் ஆறு அம்பு விட்டு, மஞ்சளிலிருந்து எத்தனை விரல் தள்ளி விழுந்தது என்று நோட்டில் குறித்துக்கொள். காற்று ஏறி இறங்குகிற இடைவெளியில் விடப் பழகு. ஆனால் அதற்காக நாணை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நிற்காதே, தோள் நடுங்கினால் காற்றைவிட அதுதான் அம்பை அதிகமாகத் திருப்பும். நடுங்குகிறது என்று தெரிந்தால் இறக்கிவிட்டு மறுபடி எடு.

காலையில் காற்று அடங்கியிருக்கும்போது மட்டும் பயிற்சி செய்கிற பழக்கத்தை இந்த வாரத்தோடு விடு. சனிக்கிழமை மூன்று மணிக்கு மைதானத்துக்கு வந்துவிடு, ரிப்பனும் நோட்டும் கொண்டு வா. தொப்பியை மறக்காதே, அந்த நேரம் வெயில் முகத்தில் அடிக்கும்.